சொல்லும் தொழிலும்

ஆண்டுதோறும் வைகாசி, ஆனி மாதங்களில் கல்லூரிப் பரீட்சைகளின் முடிவுகள் வெளிவருகின்றன. அவை வெளிவந்த சில வாரங்களுக்குள், தாதரிலும் ஹௌராவிலும் புது தில்லியிலும் வந்து நிற்கும் ரயில் வண்டிகளிலிருந்து தமிழ் இளைஞர் பலர் இறங்குகின்றனர். கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் மதிப்பெண் பட்டியல். சட்டைப் பையில் உறவினர் ஒருவரின் முகவரி. இவர்களோடு, இந்நகரங்களிலேயே பிறந்து, இங்குள்ள பள்ளிகளிற் பயின்று, வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்த நம் பிள்ளைகளும் அதே பருவத்தில் முதன்முறையாக ஒரு வாணிக நிலையத்தின் படியை மிதிக்கின்றனர். இவ்விரு சாராரையும், இவர்களைப் பெற்றோரையும் மனத்திற் கொண்டு, தொழில் உலகில் சொல்லை எவ்வாறு கையாள வேண்டும் என்பது பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

கணக்குத் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர், இயந்திரம் தெரிந்தவர், கணிப்பொறி தெரிந்தவர் ஆகியோருக்கு நம்மிடையே குறைவில்லை. ஆயினும், நன்கு கற்ற பிள்ளைகள் பலர் முதல் இரண்டு ஆண்டுகளில் தடுமாறுவதை நாம் கண்டிருக்கிறோம். அறிவு உள்ளே இருக்கிறது. அது வெளியே வந்து பிறரைச் சேர்வதில்தான் தடை. இதற்குச் சொல்வன்மை இல்லாமையே காரணம் என்று சொல்லிவிட்டுப் பலர் மேடைப் பேச்சுக்குப் பயிற்சி எடுக்கத் தொடங்குகின்றனர். மேடைப் பேச்சு நல்லதுதான். ஆனால் ஒரு காரியாலயத்தில் நாள் முழுவதும் நடப்பது மேடைப் பேச்சன்று. ஒருவர் சொல்வதை மற்றொருவர் சரியாக வாங்கிக்கொள்வதும், வாங்கிக்கொண்டதைச் சரியாக மூன்றாமவரிடம் சேர்ப்பதுமே அங்கு நடப்பவை. இதில் தவறு நேர்ந்தால் என்ன விளையும் என்பதை நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கொண்டே கூறுகிறோம்.

1970-களின் நடுப்பகுதியில், பி.காம். பட்டமும் தட்டெழுத்தில் ஹையர் தேர்ச்சியும் சுருக்கெழுத்தும் கைக்கொண்டு நாம் அந்நாளைய பம்பாய்க்கு வந்து சேர்ந்தோம். மாதுங்காவில் ஓர் அறையில் நால்வராகத் தங்கினோம். மளிகைச் சரக்குகளை மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு நிலையத்தில் வேலை கிடைத்தது. ஆங்கிலக் கடிதங்களைத் தட்டெழுதுவதும், வெளியூர் டிரங்க் கால்களைக் கேட்டுக் குறிப்பெழுதி வைப்பதும் நம் பணி. ஆங்கிலத்தில் நமக்கு ஐயமில்லை. இந்தி, ரயிலில் வரும்போது படித்த ஒரு சிறு புத்தகத்தின் அளவே தெரியும். மராத்தி சிறிதும் தெரியாது. இதனை நாம் எவரிடமும் சொல்லவில்லை.

ஆனி மாதத்து மாலை ஒன்றில் சாங்லியிலிருந்து தொலைபேசி வந்தது. மஞ்சள் வாணிகத்திற்குப் பேர்பெற்ற ஊர் அது. அங்கிருந்த வணிகர் மராத்தியும் இந்தியும் கலந்து விரைவாகப் பேசினார். நாற்பது மூட்டை மஞ்சள் என்பது புரிந்தது. லாரி என்பது புரிந்தது. அதனோடு 'கால்' என்று ஒரு சொல் விழுந்தது. இந்தியில் 'கல்' என்றால் நாளை என்று நாம் படித்திருந்தோம். மூட்டைகள் நாளை அனுப்பப்படும் என்று குறிப்பெழுதி, மேசைமீது வைத்துவிட்டு வீடு சென்றோம். தொலைபேசியை வைக்கும் தறுவாயில், நேற்றா நாளையா என்று ஒரு சிறு ஐயம் மனத்தில் எழுந்தது உண்மை. கேட்டால் அருகிலிருந்த எழுத்தர்கள் சிரிப்பார்களோ என்று நாணி, "அச்சா, அச்சா" என்று சொல்லி முடித்துவிட்டோம்.

இந்தியில் 'கல்' என்னும் ஒரே சொல் நேற்றையும் நாளையையும் குறிக்கும். எது என்பதை அதனுடன் வரும் வினைச்சொல்லைக் கொண்டே அறிதல் வேண்டும். மராத்தியிலோ 'கால்' என்றால் நேற்று மட்டுமே. நாளைக்கு 'உத்யா' என்று வேறு சொல் உண்டு. அவ்வணிகர் சொன்னது, மூட்டைகளை நேற்றே அனுப்பிவிட்டோம் என்பது. நாம் பேசிக்கொண்டிருந்த அதே மாலையில் அம்மூட்டைகள் பம்பாய் லாரிக் கொட்டகையில் வந்து இறங்கியிருந்தன. எடுத்துச் செல்ல எவரும் வரவில்லை. கொட்டகை நிறைந்திருந்தமையால் அவற்றை முற்றத்தில் தார்ப்பாய் போட்டு அடுக்கினர். இரண்டு இரவு மழை கொட்டியது. மூன்றாம் நாள் நம் ஆட்கள் சென்றபோது, கீழ் வரிசை மூட்டைகள் நனைந்து, மஞ்சளில் பூசணம் பூக்கத் தொடங்கியிருந்தது. கொட்டகைக்காரர் தாமதக் கட்டணமும் கேட்டார்.

முதலாளி நம்மை அழைத்து, சாங்லி வணிகருக்கு ஒரு கடிதம் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். முன்னறிவிப்பின்றிச் சரக்கை அனுப்பியது அவர் தவறு என்றும், நட்டம் முழுவதையும் அவரே ஏற்க வேண்டும் என்றும், இனி அவரோடு வியாபாரம் இல்லை என்றும் அவர் சொல்லச் சொல்ல நம் கை எழுதிக்கொண்டு போயிற்று. இரண்டாம் பத்தியில் கை நின்றுவிட்டது. உண்மை பேசிய ஒருவரைப் பொய்யர் என்று கூறும் கடிதத்தை நம் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தோம். "ஐயா, அவர் தொலைபேசியில் சொன்னார். நாம்தான் தவறாக வாங்கினோம்" என்று சொல்லிவிட்டோம். முதலாளி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அக்கடிதத்தை நிறுத்திவிட்டு, நட்டத்தில் சாங்லி வணிகருக்குப் பொறுப்பில்லை என்று வேறொரு கடிதம் எழுதச் சொன்னார். நம் வேலை போகவில்லை. ஆனால் ஆறு மாத காலம் தொலைபேசியை எடுக்க நமக்கு அனுமதி இல்லை.

அன்று மாலை, அந்நிலையத்தில் இருபது ஆண்டு வேலை பார்த்த தஞ்சாவூர்க்காரரான தலைமை எழுத்தர் நம்மை மாதுங்கா வரை அழைத்துச் சென்று ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார். "தம்பி, நேற்றா நாளையா என்று அவரைக் கேட்க மூன்று விநாடி ஆகியிருக்கும். அந்த மூன்று விநாடியை மிச்சம் பிடித்து என்ன சம்பாதித்தாய்?" என்றார். அக்கேள்வியையே இன்று நம் இளைஞர்கள்முன் வைக்கிறோம்.

நம்மைக் கேட்கவிடாது தடுத்தது எது? அறியாமை வெளிப்பட்டுவிடுமே என்ற நாணம் ஒன்று. நம் வளர்ப்பு மற்றொன்று. ஆசிரியர் முன்பும் பெரியோர் முன்பும் எதிர்க்கேள்வி கேளாமல் தலையசைப்பதே பணிவு என்று நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். வீட்டிலும் பள்ளியிலும் இப்பழக்கத்திற்கு ஒரு பெருமை உண்டு; அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆனால் வாணிக நிலையத்தில் மௌனத்திற்கு வேறு பொருள் கொள்ளப்படுகிறது. மேலதிகாரி ஒன்று சொல்லி, நாம் வாய் திறவாது நின்றால், புரிந்துகொண்டோம், ஏற்றுக்கொண்டோம், குறித்த நாளில் முடித்துத் தருவோம் என்ற மூன்று வாக்குறுதிகளையும் நாம் தந்துவிட்டதாக அவர் கொள்வார். தொலைபேசியிலோ நம் தலையசைப்பு எவருக்கும் தெரிவதில்லை. நாம் ஆமென்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதை, கணிப்பொறித் திரையில் நம்மைக் காணும் அயல்நாட்டார் சிலர் மறுப்பு என்றே எண்ணிவிடுவதும் உண்டு.

ஆகவே, முதற்பயிற்சி கேட்டலும், கேட்டதைத் திருப்பிச் சொல்லுதலுமாம். ஒருவர் ஒரு வேலையைச் சொன்னதும், "நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பாருங்கள்" என்று தொடங்கி, என்ன, எவ்வளவு, எங்கே, எந்த நாளுக்குள், முடிந்ததும் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற ஐந்தையும் நம் வாயால் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். இதற்கு அரை நிமிடம் போதும். இவ்வாறு செய்பவனை மந்தமானவன் என்று எந்த மேலதிகாரியும் எண்ணியதை நாம் கண்டதில்லை; பொறுப்புள்ளவன் என்றே எண்ணுவர்.

விமானம் ஓட்டுவோருக்கு இது விதியாகவே இருக்கிறது. தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தார் ஓர் உயரத்தைக் கூறினால், விமானி அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 1996 நவம்பர் 12-ஆம் நாள், தில்லிக்கு மேற்கே ஹரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரியின் வானில் சவூதி விமானம் ஒன்றும் கஜகஸ்தான் விமானம் ஒன்றும் மோதி, 349 பேர் மாண்டனர். கஜகஸ்தான் விமானத்திற்கு அளிக்கப்பட்ட உயரம் 15,000 அடி. அது அதற்கும் கீழே, எதிரே வந்த விமானத்திற்குரிய 14,000 அடிக்கு இறங்கிவிட்டது. அதன் பணியாளருக்கு ஆங்கில அறிவு போதாமையும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது. மஞ்சள் மூட்டைக்கும் மனித உயிருக்கும் ஒப்பில்லை. எனினும், காதில் விழுந்த எண் ஒன்று, செயலில் வந்த எண் வேறொன்று என்னும் குறை இரண்டிற்கும் பொதுவானது.

நம் நாட்டுச் சட்டமும் இதனை அறிந்தே இயற்றப்பட்டிருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் கூறும் முன்மொழிவு மற்றவருடைய அறிவுக்கு எட்டும்போதுதான் அது தெரிவிக்கப்பட்டதாக நிறைவு பெறும். தொலைபேசியில் செய்துகொள்ளும் ஒப்பந்தம் எவ்விடத்தில் உருவாகிறது என்ற கேள்வி 1965-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஆமதாபாதிலிருந்த வணிகர், மகாராஷ்டிரத்துக் காம்காவிலிருந்த வணிகரிடம் பருத்திக் கொட்டைப் பிண்ணாக்கு வாங்கத் தொலைபேசியிற் பேசியதால் எழுந்த வழக்கு அது. சம்மதச் சொல் கூறப்பட்ட காம்காவில் அன்று, அச்சொல் காதில் விழுந்த ஆமதாபாதிலேயே ஒப்பந்தம் உருவாயிற்று என்று நீதிபதிகளில் பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தனர். வாணிகம் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் நினைவில் வைக்கத்தக்க தீர்ப்பு இது. நாம் சொன்னோம் என்பதோடு நம் கடமை முடிவதில்லை. அவர் கேட்டார் என்று உறுதி செய்யும்வரை அது தொடர்கிறது.

அடுத்து, பிற மாநிலங்களில் வாழும் நமக்கென்றே உரிய சில இடர்களைக் கூற வேண்டும். அவற்றுள் தலையாயது எண். தமிழில் ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்று முழு எண்ணை முதலிற் சொல்லிப் பின்னத்தைப் பின்னே வைக்கிறோம். இந்தியில் பின்னம் முன்னே வரும். சிலவற்றிற்குத் தனிச் சொல்லே உண்டு. 'ஸவா' என்றால் கால் கூடுதல். 'பௌனே' என்றால் கால் குறைவு. 'ஸாடே' என்றால் அரை கூடுதல். ஒன்றரைக்கு 'டேட்' என்றும் இரண்டரைக்கு 'டாயீ' என்றும் தனிப் பெயர்கள். ஆகவே 'டேட் ஸௌ' என்பது 150. 'டாயீ ஹஜார்' என்பது 2,500. 'ஸவா லாக்' என்பது 1,25,000. 'பௌனே தோ ஸௌ' என்று கேட்டதும், 'தோ ஸௌ' என்ற பகுதி மட்டும் நம் காதில் நின்று, 200 என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் அது 175. 'பச்சீஸ்' என்னும் இருபத்தைந்தையும் 'பசாஸ்' என்னும் ஐம்பதையும் இரைச்சலிடையே மாற்றிக் கேட்டவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். ஆங்கிலத்திலும் பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் உரிய சொற்கள் தொலைபேசியில் ஒன்றுபோலவே ஒலிக்கும். எந்த மொழியாயினும் எண்ணை இருமுறை சொல்லுக. இலக்கம் இலக்கமாகவும் ஒருமுறை சொல்லுக. 'ஒன்று, ஐந்து, பூஜ்யம்' என்று சொன்னபின் ஐயத்திற்கு இடமில்லை.

தேதியும் அவ்வாறே. 5/6 என்று எழுதினால் நமக்கு அது ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் இக்குழப்பம் தீரும். அயல்நாட்டாரோடு தொழில் செய்வோர், 10 லட்சம் ஒரு மில்லியன் என்பதையும், ஒரு கோடி 10 மில்லியன் என்பதையும் விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது இடர் மரியாதைச் சொல். மராத்தியில் 'தும்ஹி' என்பது பெரியோரை விளிக்கும் மரியாதைச் சொல். இந்தியில் அதற்கு நெருங்கிய ஒலியுடைய 'தும்' என்பதோ தோழரையும் இளையோரையும் விளிப்பது. பெரியோரை 'ஆப்' என்றே சொல்ல வேண்டும். வங்காளத்திலும் 'துமி' என்பது நெருங்கியோருக்கு, மற்றவர்களுக்கு 'ஆப்னி'. மும்பையில் பழகிய நாவோடு தில்லிக்கு மாற்றலாகிச் செல்லும் நம் இளைஞன், முதல் நாளிலேயே வயது முதிர்ந்த அதிகாரியைத் 'தும்' என்று அழைத்துவிடுகிறான். அவன் உள்ளத்தில் அவமதிப்பு இல்லை. ஆனால் கேட்டவர் முகம் சுருங்கிவிடுகிறது. புதிய மொழியைக் கற்பவர் முதலில் எண்களையும், மரியாதைச் சொற்களையும், நேற்று இன்று நாளை என்னும் காலச் சொற்களையும் கற்றுக்கொள்ளட்டும். இலக்கணத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். "எனக்கு இம்மொழி இப்போதுதான் வருகிறது; தவறிருந்தால் திருத்துங்கள்" என்னும் வாக்கியத்தை அந்தந்த மொழியில் மனப்பாடம் செய்துகொள்வது பெரும் நன்மை தரும். அவ்வாறு கேட்டவரை எள்ளியவர்கள் மிகச் சிலர், உதவியவர்களே பலர்.

மூன்றாவது, நமக்குள் தமிழில் உரையாடுவது. ஒரே மேசையைச் சுற்றி ஐவர் அமர்ந்திருக்க, அவர்களில் இருவர் தமிழர் என்று வைத்துக்கொள்வோம். அவ்விருவரும் தமிழில் பேசிச் சிரித்தால் மற்ற மூவரும் தம்மைப் பற்றித்தான் பேச்சு என்று எண்ணுவது இயற்கை. அவர்கள் மராத்தியிலோ வங்காளியிலோ அவ்வாறு செய்தால் நமக்கும் அவ்வெண்ணம் தோன்றுமல்லவா? நம் மொழி நம் உரிமை. அதனை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் கூடியிருப்போர் அனைவருக்கும் புரியும் மொழியில் பேசுவது சபை நாகரிகம். தமிழிற் பேசியே ஆகவேண்டிய நேரத்தில், "ஊர்ச் செய்தி ஒன்று" என்று மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனக்கசப்பு வளராது.

இனி எழுத்தைப் பற்றிச் சில. நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவசரச் செய்தி தந்தியில் சென்றது. சொற்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம். ஆதலால் ஒவ்வொரு சொல்லையும், இது வேண்டுமா என்று வினவியே எழுதினோம். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. இன்று மின்னஞ்சலுக்குச் சொற்கணக்குக் கட்டணம் இல்லை. அதனால் சொற்கள் பெருகிவிட்டன. கட்டணம் இப்போது படிப்பவருடைய நேரத்தில் வசூலாகிறது.

கல்லூரிக் கட்டுரையில் முன்னுரை, விளக்கம், முடிவுரை என்று எழுதப் பழகியிருக்கிறோம். தொழிற் கடிதத்திற்கு அவ்வரிசை பொருந்தாது. முடிவை முதலில் வைக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஓர் இளைஞன் தன் மேலாளருக்கு இவ்வாறு எழுதுகிறான்: சென்ற வாரம் தாங்கள் கூறியபடி பண்டசாலைக்குச் சென்றேன், அங்குள்ள அலுவலர் விடுமுறையில் இருந்தார், மறுநாளும் சென்றேன், கணக்கேடுகளைப் பார்த்தேன், சில வேறுபாடுகள் தென்பட்டன, இதுபற்றித் தேவையானதைச் செய்யுமாறு வேண்டுகிறேன். இதைப் படித்த மேலாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே இளைஞன் இவ்வாறு எழுதியிருக்கலாம்: கணக்கிலுள்ளதைவிடப் பண்டசாலையில் 12 பெட்டிகள் குறைவாக உள்ளன, வெள்ளிக்கிழமை செல்லவேண்டிய சரக்கிற்கு அவை தேவை, வெளியில் வாங்குவதற்கு இன்று மாலைக்குள் தங்கள் அனுமதி வேண்டும், விவரம் கீழே. இரண்டாவது கடிதம் சிறியது. ஆனால் என்ன நேர்ந்தது, அதனால் என்ன ஆகும், யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் உள்ளன.

'தேவையானதைச் செய்க' என்று பொருள்படும் 'டூ தி நீட்ஃபுல்' என்னும் தொடர் நம் காரியாலயங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. எது தேவை என்று எழுதியவருக்கே தெளிவில்லாதபோது அது மிகவும் பயன்படும். இளைஞர்கள் அதனை விட்டுவிடலாம். மறுமொழி தருக என்ற பொருளில் நாம் எழுதும் 'ரிவர்ட்' என்னும் சொல்லுக்கு, பிறநாட்டு ஆங்கிலத்தில் பழைய நிலைக்குத் திரும்புதல் என்பதே பொருள். மறுமொழிக்கு 'ரிப்ளை' என்னும் எளிய சொல் இருக்கிறது. ஒரு கடிதத்தில் ஒரே விஷயம். தலைப்பில் அவ்விஷயத்தின் பெயர். அனுப்புமுன் முகவரியை மீண்டும் ஒருமுறை பார்த்தல். கோபம் வந்த நாளில் எழுதியதை மறுநாள் காலை படித்துப் பார்த்தபின் அனுப்புதல் – இவ்வளவும் பழக்கமாகிவிட்டால் பெரும்பாலான துன்பங்கள் அணுகா. கைப்பேசியில் அனுப்பும் சிறு செய்தியையும் விளையாட்டாகக் கருதலாகாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்வடிவப் பதிவுகளுக்குச் சட்ட ஏற்பு அளித்துள்ளது. நாம் தட்டிவிட்ட ஒரு வரி பின்னொரு நாள் சான்றாக நம் முன்னே வந்து நிற்கக்கூடும்.

நேர்முகத் தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேர்வாளர்கள் இளைஞனுடைய அறிவை மட்டும் அளப்பதில்லை. இவனோடு நாள்தோறும் பேசி வேலை வாங்க முடியுமா என்றும் பார்க்கின்றனர். கேள்வி முடியுமுன் விடை சொல்லத் தொடங்குதல், தெரியாததைச் சுற்றிவளைத்தல், மனப்பாடம் செய்த வாக்கியங்களை ஒப்பித்தல் ஆகிய மூன்றும் தீமை பயப்பன. "இது எனக்குத் தெரியாது, ஆனால் இன்ன முறையில் தெரிந்துகொள்வேன்" என்று தயங்காது சொல்லும் பிள்ளைக்கு மதிப்பு உயர்கிறது. தன்னைப் பற்றிக் கூறும்போது வெறும் பண்புப் பெயர்களை அடுக்காமல், தான் செய்த ஒரு செயலைக் கூறுக. 'நான் உழைப்பாளி' என்பதைவிட, கல்லூரி விடுதியின் உணவுக் கணக்கை ஓராண்டு தவறின்றிப் பார்த்தேன் என்பது கேட்போர் மனத்தில் பதியும்.

இவை எல்லாவற்றிலும் கடினமானது கெட்ட செய்தியைச் சொல்லுதல். குறித்த நாளில் வேலை முடியாது என்று நமக்குத் திங்கட்கிழமையே தெரிந்திருக்கும். எப்படியாவது முடித்துவிடலாம் என்ற ஆசையிலும், மேலதிகாரி கடிந்துகொள்வாரோ என்ற அச்சத்திலும் வெள்ளிக்கிழமை வரை வாய் திறவாதிருப்போம். திங்களன்று சொல்லியிருந்தால் வேறோர் ஆளைச் சேர்த்திருக்கலாம். வாடிக்கையாளரிடம் இரண்டு நாள் தவணை கேட்டிருக்கலாம். வெள்ளியன்று சொன்னால் மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகையால் கெட்ட செய்தி முதல் நாளே போகட்டும். அதனோடு, நிலைமையைச் சரிசெய்ய நாம் எண்ணியுள்ள வழி ஒன்றும் சேர்ந்தே போகட்டும். இயலாத வேலையை ஒருவர் தரும்போதும் அவ்வாறே. 'முடியாது' என்று முறித்துச் சொல்வது நமக்கு வராது. 'பார்க்கிறேன்' என்று மழுப்புவது எளிதாக வரும். "கையிலுள்ள வேலை புதன்கிழமை முடியும், அதன்பின் இதனைத் தொடங்கினால் போதுமா?" என்று கேட்டால் பணிவும் கெடாது, உண்மையும் கெடாது.

இவை மேனாட்டார் நமக்குக் கற்பிக்கும் புதுமைகள் என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. திருக்குறளின் பொருட்பாலில் கேள்விக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது, சொல்வன்மைக்கு ஒன்று, தூதுக்கு ஒன்று, அவையறிதலுக்கு ஒன்று. கேள்வி 42-ஆவது அதிகாரமாகவும், சொல்வன்மை 65-ஆவது அதிகாரமாகவும் அமைந்திருக்கின்றன. சொல்வதற்கு முன்னே கேட்பது என்ற வரிசையை அதில் நாம் காண்பதில் தவறில்லை. பள்ளிப் பருவத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த அவ்வதிகாரங்களை, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் மீண்டும் ஒருமுறை எடுத்துப் படிக்குமாறு இளைஞர்களை வேண்டுகிறோம். அப்போது அவை வேறு விதமாகப் பேசும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிற மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் அம்மாநில மொழியும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகின்றனர். ஒருவர் கருத்தை வேறொரு மொழியினருக்கு எடுத்துச் சொல்லும் பயிற்சி அவர்களுக்கு இளமையிலேயே வாய்க்கிறது. இது பெருஞ்செல்வம். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியிற் பேசினால் பிள்ளையையே பேசவிடுங்கள். அவர் சொன்னதை உங்களிடம் வந்து சொல்லச் செய்யுங்கள். மளிகைக் கடைக்கும் வங்கிக்கும் அனுப்புங்கள். புரியவில்லை என்று பிள்ளை கேட்கும்போது, 'இதுகூடத் தெரியவில்லையா' என்று மட்டும் சொல்லாதீர்கள். அச்சொல்லைக் கேட்டு வளர்ந்தவனே, பின்னொரு நாள் ஒரு காரியாலயத்தில் கேட்கவேண்டிய கேள்வியைக் கேளாது தொலைபேசியை வைத்துவிடுகிறான்.

சாங்லி வணிகரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். நம் நிலையத்தின் கடிதம் கிடைத்த அடுத்த மாதம் அவர் பம்பாய்க்கு வந்திருந்தார். முதலாளி நம்மை அவர்முன் அழைத்தபோது நமக்குக் கால் நடுங்கிற்று. அவர் நம்மை உட்காரச் சொல்லி, ஒரு தாளை எடுத்து, நேற்றுக்கும் இன்றைக்கும் நாளைக்கும் உரிய மராத்திச் சொற்களை நாகரி எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றாய்ச் சொல்லச் செய்தார். "அடுத்த முறை புரியவில்லை என்றால் என்னிடமே கேள், பத்து முறை கேட்டாலும் பத்து முறை சொல்கிறேன்" என்றார். ஆறு மாதம் கழித்துத் தொலைபேசி மீண்டும் நம் மேசைக்கு வந்தபோது, நாம் முதலிற் பேசியது அவரோடுதான். அவர் சொன்ன மூட்டைக் கணக்கையும் நாளையும் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டோம். மறுமுனையில் அவர் சிரித்தது நன்றாகக் கேட்டது.